அடிக்களி

நேற்றுச் சாயங்காலம் தண்ணீர் விளிம்பில் சாமியப்பன் குத்திவைத்த குச்சி, விடிந்து வந்து பார்த்தபோது காய்ந்த மண்ணில் நின்றுகொண்டிருந்தது. அடையாளத்துக்காக அதன் தலையில் ஒரு சிவப்புப் பனியன் துணியைக் கட்டியிருந்தார். தண்ணீர் அதை விட்டு நாலு எட்டு உள்ளே போயிருந்தது. அவர் குச்சியைப் பிடுங்கி, புது விளிம்பில் மறுபடியும் குத்தினார். புரட்டாசி மழையில் குட்டை நிறைந்ததிலிருந்து தினமும் இதுதான் வேலை. முதலில் வெயில் குடிக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் ராத்திரியிலும் தண்ணீர் இறங்கியது. ராத்திரியில் எந்த வெயில் வந்து குடிக்கும்?

ஆலாங்குட்டை என்று பேர். பேரில்தான் ஆல் இருக்கிறது. சாமியப்பனுக்கு நினைவு தெரிந்து அங்கே வேலிகாத்தான் முள்ளைத் தவிர வேறெதுவும் முளைத்ததில்லை. ஊரில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்கும் மீதிப் பேர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வண்டிக்கும் போய்விட்ட பிறகு குட்டையை யார் நினைக்கப்போகிறார்கள்? போர்வெல் குழாய்கள் ஒவ்வொன்றாகப் புழுதியைக் கக்க ஆரம்பித்தபோதுதான் நினைத்தார்கள். குட்டைக் கமிட்டி அப்படித்தான் பிறந்தது. அவிநாசி ரோட்டில் பனியன் தைக்கிற பவர்டேபிள் யூனிட் வைத்திருக்கும் மகுடேஸ்வரன், கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் ஜெயபாரதி, இன்னும் நாலைந்து பேர். தலைவர் சாமியப்பன். வயதில் மூத்தவர் என்பதோடு, கமிட்டியில் பகலில் ஊரில் இருக்கும் ஒரே ஆளும் அவர்தான்.

கமிட்டி நன்றாகவே வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஞாயிறு தவறாமல் ஆட்கள் வந்தார்கள். முள்ளை வேரோடு பிடுங்கினார்கள். வாய்க்காலைத் திறந்தார்கள். கரையில் புங்கனும் வேம்பும் நட்டு, சுற்றிலும் கம்பிவேலி போட்டார்கள். வேலிக்குள் ஆடு மாடு வரக்கூடாது, வந்தால் தண்டம் என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு பொக்லைன் வந்தது. வண்டல் இலவசம் என்றதும் ஊரில் அதுவரை குட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்களெல்லாம் டிராக்டரோடு வந்து நின்றார்கள். எனக்கு, உனக்கு என்று போட்டி. வண்டல் தீர்ந்து கறுப்புக் களி வந்தது. அதையும் அள்ளினார்கள். பொக்லைன் ஓட்டுகிற பையன் இறங்கி வந்து, "போதுங்களாண்ணா? அடி வேற மாதிரி தெரியுது" என்று கேட்டான். ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. "இன்னும் ரெண்டடி போடு கண்ணு" என்று சொன்னவர் சாமியப்பன். ரெண்டடியில் வெள்ளைச் சுக்கான் மண் தெரிந்தது. சல்லடை மாதிரி தண்ணீரை விடுகிற மண் அது என்று யோசிக்காமல் எல்லோரும் கை தட்டினார்கள்.

இன்றைக்கு அந்தக் கைதட்டல் அவர் காதில் அறைந்தது. குட்டை நிறைந்த அன்று பொங்கல் வைத்தவர்கள் இப்போது கரைப்பக்கம் வருவதில்லை. கார்த்திகைக் கனமழைக்கு முன்னால் அடி இறுகாவிட்டால் அந்தத் தண்ணீரும் இப்படியே போகும். அதற்கப்புறம் இந்த ஊரில் ஒருவரையும் மண்வெட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்ட முடியாது. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தண்ணீர் போவதைவிட அதுதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வடகிழக்கு மூலைக்கு வந்தவர் நின்றுவிட்டார். அந்த மூலையில் கருப்பணசாமி கல் இருக்கிறது. சாமி இடம் என்று பொக்லைனை அங்கே விடவில்லை. மற்ற இடங்களைவிட அது மேடு. நியாயமாகப் பார்த்தால் முதலில் காய்ந்திருக்க வேண்டியது அதுதான். ஆனால் அங்கே இறுகிக் கிடந்த கறுப்புக் களியில் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர். சாமியப்பன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஆட்டுக் குளம்புகள். பழைய தடங்கள். போன மழைத் தண்ணீர் அவற்றுக்குள் தெளிந்து அப்படியே நின்றது.

மருதம்மாளின் பட்டி இருந்த இடம் அது. செம்மறிகளைப் படல் கட்டி அடைப்பதற்குத்தான் பட்டி என்று பேர். கோடை முழுக்க மருதம்மாள் பட்டியைக் குட்டைக்குள்தான் போடுவாள். ஒரு வாரம் இந்த மூலை, மறு வாரம் அந்த மூலை என்று படலை நகர்த்திக்கொண்டே போவாள். அவளுக்கு முன்னால் அவள் மாமனார் போட்டார். ஆடுகள் படுத்தன, எழுந்தன, மிதித்தன, புழுக்கை போட்டன. இத்தனை வருடம் குட்டையின் அடியை இறுக்கிவைத்தது அந்தக் கால்கள்தான் என்று யாரும் யோசிக்கவில்லை. மருதம்மாளே யோசித்திருக்க மாட்டாள். இடம் சும்மா கிடக்கிறது, ஆடு படுக்கிறது, அவ்வளவுதான்.

வேலி போட்டபோது அவள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். "தம்பி, கோடைக்கு மட்டும் பட்டி போட்டுக்கறனுங்களே" என்று கேட்டாள். மரக்கன்றுகளை நினைத்துக்கொண்டு, "பொதுவுல போட்ட தீர்மானம் எல்லாத்துக்கும் பொதுவாத்தானுங்க இருக்கோணும்" என்று சாமியப்பன் சொன்னார். அவள் மறுபேச்சுப் பேசாமல் போனாள். நியாயமாகப் பேசியதாக அன்றைக்கு அவருக்கு ஒரு நிறைவுகூட இருந்தது.

அன்று சாயங்காலம் கமிட்டி கரையில் கூடியது. மகுடேஸ்வரன் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மாமா, பண்ணைக் குட்டைக்குப் போடற பிளாஸ்டிக் ஷீட்டப் போட்டுரலாமுங்க. பனியன் வாங்கற பையர்கிட்ட ஸ்பான்சர் கேக்கறேன்."

"இத்தன பெரிய குட்டைக்கா? ஷீட்டு போட்டா கெணத்துக்கு எப்படிங்க தண்ணி ஊறும்?" என்றாள் ஜெயபாரதி. "கொஞ்சம் கொஞ்சமா எறங்கோணும், மொத்தமா ஓடக்கூடாது. அதுக்குக் களிதான் வேணும்."

சாமியப்பன் குளம்புத் தடத்தைக் காட்டினார். களியைத் திரும்பக் கொட்டி, ஈரத்தோடு பட்டி போட்டு மிதிக்கவிட்டால் நிற்கும் என்றார். எல்லோருக்கும் ஒரே பேர்தான் மனதில் வந்தது. யார் போய்க் கேட்பது என்று யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன வாய்தானே போய்க் கேட்க வேண்டும்.

மறுநாள் அவர் போனபோது மருதம்மாள் வாசலில் உட்கார்ந்து பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூட்டை. கையிலிருந்த சின்னக் கத்திரி அவரைப் பார்த்ததும் நின்றது.

"வாங்க தம்பி. உக்காருங்க. மோரு கொண்டாரட்டுங்களா?"

"இருக்கட்டுங்கக்கா."

அவள் எழுந்து போய் மோர் கொண்டுவந்தாள். குடிக்கிற சாக்கில் சாமியப்பன் சுற்றிலும் பார்த்தார். பட்டிப் படல்கள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றில் கோவைக்கொடி ஏறியிருந்தது. புழுக்கை வாசனையே இல்லை. வேப்பமரத்தடியில் ஒரே ஒரு கறுப்புக் கிடாய், கட்டு இல்லாமல் நின்று அசைபோட்டது.

"ஆடுங்களக் கேக்கலாம்னு வந்தனுங்க."

"எந்த ஆடுங்களத் தம்பி?" அவள் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். "வைகாசியிலயே அல்லாத்தையும் வித்துப்போட்டனுங்களே. கோடையில வேலிகாத்தாங்காய்தானுங்க அதுகளுக்குத் தீனி. முள்ள எடுத்தாச்சு, காயும் போச்சு. ஒரு நாயத்துக்கு முள்ளு போனது நல்லதுதான். தீவனம் வெலைக்கு வாங்கிப் போட்டா நமக்குக் கட்டுபடியாகுங்களா?"

சாமியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மோர்ச் சொம்பைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் வாயெடுத்தார். ஆனால் வேறொன்று வந்தது.

"இது ஒண்ண மட்டும் ஏனுங்க வெச்சிருக்கறீங்க?"

"அது கருப்பணனோடதுங்க. மூணு வருசத்துக்கு முன்னால தண்ணியில்லாம குட்டிக வரிசையாச் செத்துதுங்களே, அப்ப நேந்துக்கிட்டது. குட்டையில தண்ணி நின்னா இந்தக் கிடாயைத் தாரேன்னு. சாமி சொத்த விக்கக் கூடாதுங்களே. ஊட்டுல இப்பத் தொணைக்கு இதுதானிருக்குது."

"புரட்டாசியிலதான் நெறஞ்சுதுங்களே?"

"நெறஞ்சுது. நிக்கலீங்களே" என்றாள் மருதம்மாள். பேச்சுச் சத்தம் கேட்டுக் கிடாய் வந்து அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது. அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்தாள். "எதுக்குங்க ஆடு?"

அவர் சொன்னார். களி, குளம்பு, மூலை எல்லாம். அவள் கேட்டுவிட்டு வெகுநேரம் கத்திரியை விரலில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். "அட, அதுகளா அந்த வேலையப் பண்ணுச்சு!" என்று கடைசியில் சொன்னாள். அவள் கண் கலங்கியதை அவர் பார்த்தார். பாராட்டை வாங்கிக்கொள்ள ஆடுகள் இல்லையே என்று கலங்கியதாகத்தான் அவருக்குப் பட்டது.

சுற்றுவட்டத்தில் பட்டி வைத்திருப்பவர் யாரும் மிச்சமில்லை. ஜெர்சி மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டார்கள். சிமெண்ட் தரையில் நின்றே பழகிய மாடு, சேற்றில் வழுக்கிக் கால் ஒடிந்தால் யார் பொறுப்பு என்றார்கள். அதுவும் நியாயம்தான். வயலில் விழுந்த களியை ஒருவரும் திருப்பித் தரவில்லை. மகுடேஸ்வரன் மட்டும் தன் புது குடோனுக்கு மேடு தூக்கப் போட்டிருந்த களியை வெட்டி லோடு லோடாக அனுப்பினான். அவன் பெண்டாட்டி அதற்காக அவனோடு பேசவில்லை என்று ஊரில் கேள்வி. குட்டை வற்றியதும் களியைப் பரப்பினார்கள், வாய்க்கால் தண்ணீரை விட்டு நனைத்தார்கள். மிதிக்க மட்டும் கால் இல்லை.

"நமக்கு இருக்குதுங்களே மாமா, ரெண்டு ரெண்டு" என்றாள் ஜெயபாரதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கம்பெனி ஹாஸ்டல் பெண்களைக் கூட்டிவந்தாள். ஒடிசாப் பெண்கள், தேனிப் பக்கத்துப் பெண்கள். மகுடேஸ்வரன் தன் டைலர்களோடு வந்தான். குட்டை நிறைந்து பொங்கல் வைத்த பிறகு முகம் காட்டாத ஊர்க்காரர்கள், என்னதான் கூத்து என்று பார்க்க வந்து, பார்த்துக்கொண்டே நிற்க வெட்கப்பட்டு வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினார்கள். பேண்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டு ஆளாளுக்கு ஒரு திசையில் மிதித்தார்கள். சேறு பிதுங்கியதே தவிர இறுகவில்லை.

அப்போது மருதம்மாள் வேலிக் கதவருகே வந்து நின்றாள். பக்கத்தில் கிடாய். சாமியப்பன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். தீர்மானம் போட்ட நாளிலிருந்து ஆட்டுக்காக அந்தக் கதவு திறப்பது அதுதான் முதல் தடவை. அவள் யாரையும் பார்க்கவில்லை. கிடாயை முன்னால் விட்டு, நாக்கை மடித்து "ட்ர்ர்யா… ட்ர்ர்யா…" என்று குரல் கொடுத்தாள். கிடாய் பழகிய கால்களோடு ஓரமாகச் சுற்ற ஆரம்பித்தது. அதன் பின்னால் ஒரு பெண் நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே சுற்றாகச் சுற்றினார்கள். மருதம்மாள் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வலப்புறம் திரும்ப ஒரு குரல், நெருங்கி நடக்க ஒரு குரல். மொழி தெரியாத பெண்களுக்குக்கூட அது விளங்கியது. தொடக்கத்தில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. வெயில் ஏற ஏறக் கால்களின் சத்தமும் அந்தக் குரலும்தான் கேட்டன.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் மிதித்தார்கள். வந்தவர்கள் குறையவில்லை. கிடாயும் தவறாமல் வந்தது. ஒருநாள் சேற்றில் நின்றுகொண்டே சாமியப்பன் மருதம்மாளிடம் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, தண்ணி நின்னுதுன்னா கமிட்டியில வேற கிடாய் ஒண்ணு வாங்கிக் குடுத்தர்றமுங்க. இது உங்ககூடவே இருக்கட்டும்."

"சாமிகிட்டப் போயி ஆள்மாறாட்டம் பண்ண முடியுங்களா தம்பி?" என்றாள் அவள். "இதைக் காட்டித்தானுங்க கேட்டேன்."

கார்த்திகையில் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்து குட்டை மறுபடியும் ஏறியது. மழை விட்டு வானம் வெளுத்த அன்று சாயங்காலம் சாமியப்பன் தண்ணீர் விளிம்பில் குச்சியைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போனார். சோறு இறங்கவில்லை. விடிகிற நேரத்தில் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வந்தார்.

குச்சி அவர் குத்திய இடத்திலேயே இருந்தது. தண்ணீரும் அங்கேயே இருந்தது. விளிம்பில் சின்ன அலை வந்து குச்சியின் காலைத் தொட்டுப் போனது. சிவப்புத் துணி நனையாமல் மேலே ஆடியது. சாமியப்பன் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைத் தண்ணீருக்குள் விட்டு அடியைத் தொட்டார். வழவழவென்று கெட்டியாக இருந்தது. இந்த வயதில் தனியாக உட்கார்ந்து அழுவார்களா என்று நினைத்தார், அழுதார்.

வேலிக் கதவு கிறீச்சிட்டது. மருதம்மாள் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், கட்டு இல்லாமல், கிடாய்.

சாமியப்பன் சட்டென்று எழுந்தார். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. இரண்டு எட்டு வைத்துக் குச்சிக்கு முன்னால் போய், வேட்டி அதை மறைக்கும்படி நின்றுகொண்டார்.

"நிக்குதுங்களா தம்பி?" தூரத்திலிருந்தே கேட்டாள்.

அவர் கிடாயைப் பார்த்தார். கிடாய் நேராக அவரிடம் வந்தது. அவர் காலருகே தலையைத் தாழ்த்தி, சத்தமாகத் தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டு நிமிர்ந்து, அவர் வேட்டியின் ஓரமாகக் கழுத்தை நீட்டிச் சிவப்புத் துணியைக் கவ்வி இழுக்க ஆரம்பித்தது.