ஆணி இல்லாத வாள்

கேப்டன் குராமொச்சி வாளைத் தானே எடுத்துவந்தார். ஊதாத் துணியில் பொதிந்து, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார். இசோயே பட்டறைப் பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கி வாங்கிக்கொண்டாள். இருபது வருஷமாக அவரை வணங்கியே பழகியவள் அவள்.

"ஏதோ ஒரு அந்நியச் சிப்பாய் வீட்டுச் சுவத்துல இத்தனை வருஷம் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு இசோயே. அவன் செத்ததும், உறையில ஒட்டியிருந்த பேரையும் ஊரையும் பார்த்து அவன் பொண்டாட்டி அனுப்பி வச்சிருக்கா. எங்க தாத்தாவோட வாள். பிடிதான் நைஞ்சுபோச்சு."

"புதுசா கட்டித் தரேங்கய்யா."

"இருபத்துமூணாம் தேதி நினைவுக்கல் திறப்பு. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் இதை உருவி, நம்ம பசங்களுக்கு மரியாதை செய்யப்போறேன். உன் தம்பி பேரும் கல்லுல இருக்கு. நல்லா இறுக்கிக் கட்டும்மா."

தம்பி யசோகிச்சிக்குச் சாகும்போது வயது பத்தொன்பது. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போன முப்பத்தொரு பேரும் கேப்டனின் படையில்தான் இருந்தார்கள். தெற்குத் தீவின் குகையில் ரேடியோ இல்லை, போர் முடிந்த சேதி எட்டவில்லை, ஆகஸ்ட் இருபத்துமூன்றாம் தேதி விடியலில் எல்லோருமாகப் பாய்ந்தோம், தலையில் அடிபட்டு விழுந்த என் கையிலிருந்து வாளைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கேப்டன் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் அஸ்தி வைக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி கொண்டுவந்தார். இசோயே வீட்டுப் பெட்டியில் ஒரு கூழாங்கல் இருந்தது. அம்மா அதைக் காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்து, இரண்டு வருஷத்தில் செத்துப்போனாள்.

கேப்டன் போனதும் இசோயே வேலையில் உட்கார்ந்தாள். வாளின் அடிப்பகுதி வால்போல நீண்டு பிடிக்குள் போகும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது விரல் நகத்தளவு மூங்கில் ஆணி ஒன்றுதான். ஆணியைத் தட்டி எடுத்துவிட்டுப் பிடியை இழுத்தாள். வரவில்லை. வாளைப் பிடித்த கையின் மணிக்கட்டில் மறு கையால் குத்திக் குத்தி அசைத்த பிறகு மெல்லக் கழன்றது.

வாலைச் சுற்றி ஒரு துணி. பிடி ஆடாமலிருக்க அந்த அந்நியன் கையில் கிடைத்ததைச் சுற்றித் திணித்திருக்கிறான். எரிச்சலோடு பிரித்தாள். துணியில் மை எழுத்து இருந்தது.

கேப்டன் குராமொச்சி. படையின் பெயர். ஊர்ப் பெயர். ஷோவா இருபது, ஆகஸ்ட் இருபது, ஒப்படைத்தது. ஷோவா இருபது, போர் முடிந்த வருஷம்.

சரணடையும் அதிகாரிகள், என்றைக்காவது திரும்பிவரும் என்ற ஆசையில் வாளில் இப்படிப் பெயர் கட்டிக் கொடுப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். கையெழுத்தும் அவளுக்குத் தெரியும். வெள்ளைப் பெட்டியின்மேல் யசோகிச்சி என்று எழுதிய அதே கை.

இருபதாம் தேதி.

அவள் விரல்விட்டு எண்ணினாள். சின்னப் பிள்ளைபோல மூன்று விரலை மடக்கிவிட்டு, மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர் முடிந்தது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தான் மட்டும் மலையிறங்கி, வாளைக் கொடுத்து உயிரை வாங்கியிருக்கிறான். அவர்கள் மூன்று நாள் அவனுக்காகக் காத்திருந்து, பிறகு ஓடிச் செத்திருக்கிறார்கள்.

முதலில் அவளுக்குத் தோன்றியது ரத்தம்தான். ஆணியைப் பாதி சீவி வைத்தால் போதும். வீசும்போது வாள் பிடியைவிட்டுப் பறக்கும். ஆனால் முன்வரிசையில் விதவைகள் உட்காருவார்கள். அதுமட்டுமில்லை, செத்துப்போனால் அவன் பெயரும் அந்தக் கல்லில் ஏறிவிடும். கூடாது. இவன் இருக்க வேண்டும். இந்தத் தெருவிலேயே, நெடுநாள் இருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் வேலை செய்தாள். பிடியில் திருக்கை மீனின் தோலை ஒட்டினாள். கறுப்புப் பட்டுக்கயிற்றை ஒவ்வொரு முறுக்குக்கும் அடியில் காகித மடிப்பு வைத்துச் சுற்றினாள். வாழ்க்கையிலேயே இவ்வளவு அழகாக அவள் எதையும் கட்டியதில்லை. உறையின் வாய்க்குள் மெல்லிய மரச்சீவல் ஒட்டி, வாள் சிக்கென்று உட்காரும்படி செய்தாள்.

இடையில் ஒருநாள் கேப்டன் வந்து வாசலிலேயே நின்றார்.

"உள்ள ஏதாச்சும் இருந்துச்சா இசோயே?"

"துரு இருந்துச்சுங்க."

"வேற?"

"வேற என்னங்கய்யா இருக்கும்?"

அவர் சிரித்தார். "ஒண்ணுமில்ல. தாத்தா ஏதாவது சீட்டு வச்சிருப்பாரோன்னு கேட்டேன்."

இருபத்துமூன்றாம் தேதி காலை, துணியை, பிடி சிக்கிக்கொள்ளாதபடி ஒற்றைச் சுற்றாக வாலில் சுற்றி, ஆணித் துளையில் நூல்விட்டுக் கட்டினாள். அதன்மேல் பிடியை மாட்டினாள். ஆணியைத் தன் இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டாள். துளையை மறைக்கவில்லை. வாளைத் தொடுகிற எவரும் முதலில் கட்டைவிரலால் ஆணியைத் தடவிப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடத்தில் மரவாள் சுழற்றும் பையனுக்குக்கூடத் தெரியும். ஒரு தடவை தடவட்டும், தப்பித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். வாளை ஊதாத் துணியில் பொதிந்து கேப்டனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்தின் மண்டபம் நிரம்பியிருந்தது. கணவனை அதே படையில் இழந்த ஹாத்சுனோ முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வா வா, இங்க உக்காரு. கேப்டன் மீசைக்கு எண்ணெய் போட்டிருக்கார் பார்த்தியா? ஈ உக்காந்தா வழுக்கி விழுந்துடும்."

"பேசாம இருங்கக்கா."

"அந்தப் பிடி நீ கட்டினதுதானேடி? மின்னுது."

மண்டபத்தில் நிறுத்தியிருந்த கல்லின் முன்னால் கேப்டன் நின்றார். முப்பத்தொரு பெயரையும் வாசித்தார். யசோகிச்சியின் பெயரில் குரல் தழுதழுத்தது. வருஷாவருஷம் அந்த இடத்தில்தான் தழுதழுக்கும்.

"இந்த வாளோடுதான் அவங்க முன்னால நான் ஓடினேன்!" என்றார்.

இசோயே அவர் கட்டைவிரலையே பார்த்தாள். அது ஆணியின் பக்கமே போகவில்லை. உறையை இடது கையில் பற்றி, வலது கையால் ஒரே வீச்சில் இழுத்தார்.

பிடி மட்டும் வந்தது.

வாள் உறைக்குள்ளேயே இருந்தது, துணி சுற்றிய வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடிக்கு அடியில் வாலில் கோத்திருந்த செம்பு வளையங்கள் தரையில் விழுந்து கிணுகிணுத்து உருண்டன. உயர்த்திய கையில் கறுப்புப் பட்டு சுற்றிய வெறும் பிடி. ஒரு குழந்தை சிரித்தது, அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, இதென்ன, தலையில்லாச் சேவல்!" என்று ஹாத்சுனோ வாய்க்குள் முனகினாள். பிறகு எட்டிப் பார்த்தாள். "துணி கட்டியிருக்கே. எழுத்து இருக்கு."

"தொடாதீங்க!" கேப்டனின் குரல் கீச்சென்று வந்தது.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஹாத்சுனோ எழுந்து முன்னே போனாள். நூலை வெடுக்கென்று அறுத்துத் துணியை விரித்துச் சத்தமாக வாசித்தாள். பெயர். படை. ஊர். "ஆகஸ்ட் இருபது, ஒப்படைத்தது."

மண்டபத்தில் விசிறிகள் நின்றன. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு வீடும் இருபத்துமூன்றாம் தேதிதான் திதி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"இருபதா?" என்று கேட்டாள் ஹாத்சுனோ. "என் வீட்டுக்காரர் இருபத்துமூணாம் தேதிதானே செத்தார்? அந்த மூணு நாளும் நீங்க எங்கய்யா இருந்தீங்க?"

அவர் உதடு அசைந்தது. "சூழ்நிலை... உங்களுக்கெல்லாம் புரியாது..."

"புரிய வைங்க. நாங்க வீட்டுக்குப் போகப்போறதில்ல."

இசோயே எழுந்து போனாள். இந்த முறை அவள் வணங்கவில்லை. கச்சையிலிருந்து மூங்கில் ஆணியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இதைத்தான் தேடுறீங்களா? தொட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். உருவிப் பழகினவங்க தொட்டுப் பார்ப்பாங்க."

ஆணியைக் கல்லின் மேல், தம்பி பெயருக்கு மேலே வைத்தாள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, ஹாத்சுனோ விட்டுப்போன விசிறியை எடுத்து விசிறிக்கொண்டாள். யாரும் எழுந்து போகவில்லை. கேப்டன் அந்தப் பிடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.