மடியில் கிடந்த இரும்பு

மலைகள் மூன்று புறமும் அரண்போல் வளைந்து நிற்க, அவற்றின் நடுவே புயலும் புகமுடியாத ஆழ்நீர் பச்சைப் பளிங்கென விரிந்து கிடக்க, கோணமலைக் குன்றின் பின்னிருந்து எழுந்த இளஞாயிறு அந்நீர்மேல் பொன்னை உருக்கி வார்த்த ஒரு மாசிக் காலையில், திருகோணமலை உள்துறைமுகக் கரையோரத்து ஓலைக்கொட்டகை ஒன்றில் இருபத்திரண்டு மழலையர் கூடியிருந்தனர். நாடு விடுதலை பெற்று எட்டாண்டுகள் கழிந்திருந்தன. உலகப் பெரும்போர் ஓய்ந்து அதனினும் நெடுங்காலமாயிற்று. ஆயினும் அப்போர் உதிர்த்துச் சென்ற கொடிய இரும்புகள் அக்கரை மணலுக்குள் இன்னும் துருவேறிக் கிடந்தன என்பதைப் படிப்போர் நினைவிற் கொள்ளவேண்டும்.

துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுக் கரையெங்கும் அலைவதைக் கண்டு மனம் பொறாத பெண்கள் இருவர் அக்கொட்டகையை அமைத்திருந்தனர். ஒருத்தி எழுத்தர் ஒருவரின் இளமனைவியான புஷ்பவதி; மற்றவள் மீன்வணிகரின் மகளான றுக்கியா. கழகமென்றோ பள்ளியென்றோ அதற்கு அப்போது பெயரில்லை.

அன்று எல்லார்க்கும் பிந்தி வந்தவள் ஸல்ஹா என்னும் நான்கு வயதுச் சிறுமி. ஈரத்துணியிற் சுற்றிய ஏதோ ஒன்றை இரு கைகளாலும் மார்போடு அணைத்து, பாரந்தாங்காது தள்ளாடியவண்ணம் வாயிலில் நின்றாள்.

"என்ன மகள் அது?" என்று கேட்டாள் புஷ்பவதி.

"என்ட புள்ள. மணலுக்க கிடந்திச்சு. இப்ப உறங்குது."

துணியின் ஓரம் விலகியது. துருவேறிய உடலும் கூம்பிய செம்புத்தலையுமாய் உள்ளே கிடந்தது வெடிகுண்டு. பன்னிரண்டு வயதில், போர்விமானங்கள் வானிலிருந்து நெருப்பைப் பொழிந்த நாளில், இத்தகைய ஒன்றையும் அது செய்ததையும் கண்டிருந்த புஷ்பவதிக்கு அது இன்னதென்று அக்கணமே தெரிந்தது. சிறுமியோ, தாயார் தாலாட்டுவது போல், அச்செம்புத்தலையை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"றுக்கியா," என்றாள் புஷ்பவதி, தலையைத் திருப்பாமல். "பிள்ளையளைப் பின்வழியாலை றோட்டுக்கு அங்கால, மதிலுக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போங்கோ. ஓடவேண்டாம். நேவிக்கும் ஆள் அனுப்புங்கோ."

"நீங்க?"

"பிறகு வாறன்."

துணிக்குள் கிடந்ததைக் கண்டு முகம் வெளிறிய றுக்கியா, மழலையரை ஒருவர் கையை ஒருவர் பற்றச் செய்து, ஏதோ பாடிக்கொண்டே வெளியே நடத்திச் சென்றாள். புஷ்பவதி ஸல்ஹாவின் முன் நிலத்தில் அமர்ந்தாள்.

"தட்டாதை மகள், பிள்ளை எழும்பிப்போடும். உனக்குக் கை நோகுமெல்லோ, என்ர மடியில கிடத்து."

"கீழ போட்டுருவீங்க."

"போடமாட்டன்."

நெடுநேரம் எண்ணிப்பார்த்தபின் சிறுமி அதைக் கிடத்தினாள். கடல்நீரின் குளிர்ச்சி சேலையை ஊடுருவிப் புஷ்பவதியின் தொடையைத் தொட்டது. ஆனால் ஸல்ஹா நகரவில்லை. "நானும் புள்ளையோட இரிக்கப்போறன்" என்று அருகே ஒட்டி அமர்ந்துகொண்டாள்.

"பிள்ளைக்குப் பசிக்கும். றுக்கியா டீச்சரிட்டப் போய்ப் பால் கேட்டு வாங்கு."

"ஓடியா போற?"

"மெதுவாப் போ, மகள்."

அக்காலடி ஓசை தேய்ந்து மறைந்தபின்னரே அச்சம் தன் முழு உருவையும் அவளுக்குக் காட்டிற்று. எழுந்தோட ஒவ்வொரு நரம்பும் துடித்தது. ஆயினும் அதைக் கீழே வைக்க அவளுக்குத் துணிவில்லை. கால்கள் மரத்தன. கூரையில் ஒரு காகம் வந்தமர்ந்தபோது உயிர் பிரிந்ததென்றே எண்ணினாள். ஒரு மணிநேரத்திற்கு மேலாகிய பின், கடற்படையினர் இருவர் வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவ்விரும்பைத் தூக்கிச் சென்றனர். நண்பகலில், ஆளரவமற்ற கரையொன்றில் அதை அவர்கள் வெடிக்கவைத்த ஓசை மலைக்கு மலை மோதி எதிரொலிக்க, கொட்டகையின் ஓலைகளெல்லாம் நடுங்கின.

மறுநாள் ஒரு குழந்தையும் வரவில்லை. மூன்றாம் நாள் ஸல்ஹாவின் தாய் ஆமினா உம்மா, தமிழரும் முஸ்லிம்களுமாகிய ஏழு தாய்மாரோடு வந்தாள். வசை கேட்கக் காத்து நின்றாள் புஷ்பவதி.

"டீச்சர், இத மூட ஏலாது. மூடினா எங்கட புள்ளைகள் திரும்பவும் அந்த மணலுக்கதான் போகும்."

"எனக்குப் பயமாக் கிடக்கு, ஆமினா உம்மா."

"எங்களுக்கும்தான். அதாலதான் எல்லாரும் வந்தம்."

திருகோணமலை மழலையர் கல்விக் கழகம் பிறந்தது அந்த முற்பகலிலேதான். பிள்ளைகள் வருமுன் தாய்மார் இருவர் முற்றத்தையும் வரும் வழியையும் அடியடியாய்ப் பார்த்துவர வேண்டும் என்பதே அதன் முதல் விதி. ஆண்டுகள் செல்லச் செல்ல, நிலாவெளி முதல் கிண்ணியா வரை ஒன்பது மழலைப்பள்ளிகள் எழுந்தன; தாய்மாரின் தேடலில் மேலும் நான்கு குண்டுகள் அகப்பட்டன; குழந்தையின் கையில் ஒன்றேனும் அகப்படவில்லை.

அக்கழகத்தைக் கால் நூற்றாண்டு தலைமையேற்று நடத்திய புஷ்பவதி அம்மையார், தம்மிடம் ஓடிவந்த பிள்ளைகளைத் தலைகோதினார், முத்தமிட்டார், அருகிருத்திக் கதை சொன்னார்; ஆனால் ஒரு குழந்தையையேனும் மடியில் ஏற்றியதில்லை. அச்சத்தை அவர் வென்றார் என்று ஊரார் பெருமையாய்ச் சொல்வர். அவரோ, ஒவ்வொரு காலையும் அதனோடுதான் எழுந்தார். எழுந்து, கதவைத் திறந்து, பிள்ளைகளை உள்ளே அழைத்தார்.