அப்பா கொடுத்த தாந்தோ

அப்பா செத்துப்போன செய்தி வந்தபோது ஷினோவுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு நீண்ட மூச்சுதான் வந்தது. "இந்த வீட்டுக்குப் பிணமாத்தான் திரும்பி வரணும்" என்று சொல்ல இனி ஆளில்லை.

கல்யாணத்தன்று அந்தச் சொல்லோடு சேர்த்துத்தான் கிஹெய் மகளின் இடுப்புப் பட்டையில் தாந்தோவைச் செருகினார். சாண் நீளக் கத்தி. வாளுக்கு இருப்பதுபோல் கைத்தடுப்பு கிடையாது, அலகின் பக்கங்களில் வரம்பும் கிடையாது. தட்டையாக, முதுகு தடித்து, குத்துவதற்கென்றே செய்தது. வாள் வெட்டவெளிக்கு, இது அறைக்குள். சாமுராய் வீட்டுப் பெண்ணுக்கு அதன் வேலை இன்னும் குறுகலானது. குலத்தின் மானம் போனால் தன் கழுத்தில் தானே வைத்துக்கொள்ள வேண்டும். மானம் ஆண்களுக்கு, கழுத்து பெண்களுக்கு. நல்ல பங்கீடுதான்!

"எண்ணெய் போட்டு மூடியிருக்கேன். சும்மா உருவிப் பாக்காதே. உருவினா வேலை முடியாம உறைக்குள்ள போகக் கூடாது" என்றிருந்தார் கிஹெய்.

அவள் உருவவில்லை. எட்டு வருஷம் புருஷன் குடித்துவிட்டு அடித்தான். விரலை ஒடித்தபோதும் உருவவில்லை. எத்தனையோ தடவை கைப்பிடியைப் பற்றி, பற்றிய கையை எடுத்து, நம்மைப்போல் கோழை உண்டா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இப்போது துணிமூட்டையோடு பிறந்த ஊர் கனஸாவாவுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போவதில்லை என்று முடிவு.

வாசலில் அண்ணன் ஹெய்சுகே நின்றான். மாகாண அலுவலகத்தில் குமாஸ்தா, சாவு வீட்டிலும் மேல்நாட்டுக் கோட்டு.

"கத்தி கொண்டு வந்தியா?"

பேய் அண்டாமல் பிணத்தின் நெஞ்சில் காவலுக்கு ஒரு கத்தி வைத்தாக வேண்டும். புது அரசாங்கம் சாமுராய்களின் மானியத்தை நிறுத்தியதிலிருந்து வீட்டு வாள்கள் ஒவ்வொன்றாய் அரிசியாகிவிட்டன. மிச்சம் அவளிடம் இருப்பது ஒன்றுதான்.

"கொண்டு வந்திருக்கேன் அண்ணா. ஆனா நான் அங்க இனிமே போகல. இங்கயே இருந்துடறேன்."

"காரியம் முடிஞ்சதும் கிளம்பற வழியப் பாரு. அப்பா எரிஞ்சாலும் அவர் சொன்ன சொல்லு எரியாது."

கிஹெய் வடக்கே தலைவைத்துக் கிடந்தார். பக்கத்து அறையில் உறவுக்காரர்கள். சித்தப்பா டென்ஸோ கத்தியைக் கையில் வாங்கினார்.

"துருவோட வச்சா அண்ணனுக்கு மரியாதை இல்ல. துடைச்சிட்டு வச்சிடறேன்" என்று உருவினார்.

மூங்கில்.

அலகு மாதிரியே சீவி, வெள்ளிப்பூச்சு பூசி, விளிம்பில் அலைக்கோடுகூட வரைந்திருந்தது. லேசாக இருப்பது தெரியாமலிருக்கக் கைப்பிடிக்குள் ஈயம். டென்ஸோ அந்தச் சீவலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மானியம் நின்ற பிறகு மூங்கிலில் குடைக்கம்பி சீவி விற்றுத்தான் கிஹெய் பிழைத்தார். கை நடுங்காத அந்த நீளச் சீவல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஹெய்சுகேவுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த அறைக்குக் கேட்கும்படி அவன்தான் முதலில் கத்தினான்.

"வித்துட்டியா? குலச்சொத்தை வித்துத் தின்னுட்டு மூங்கிலையா செருகிட்டு வந்திருக்கே!"

ஷினோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டு வருஷமாக ஒரு குடைக்கம்பிக்குப் பயந்திருக்கிறாள். மகள் சாகக் கூடாதென்றுதான் அப்பா இப்படிச் செய்தார் என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். அந்த நினைப்புக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. மகள் பிழைக்க வேண்டுமென்று நினைக்கிற அப்பன் வீட்டுக்கு வந்துவிடு என்றல்லவா சொல்லியிருப்பான்?

அண்ணனை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"யாரு சீவினதுன்னு உனக்குத் தெரியும்."

"மெதுவா பேசுடி. நான் டோக்கியோ போய்ப் படிச்சது நிஜக் கத்தியை அப்பா வித்த காசுல இல்லாம வேற எதுலன்னு நெனச்சே? நீ என்ன போருக்கா போனே, உனக்கு எதுக்கு நிஜக் கத்தி?"

"அப்போ அங்க போய் சொல்லிடவா? பொண்ணைச் சாகச் சொல்லிட்டு கையில மூங்கிலைக் குடுத்தாருன்னு?"

ஹெய்சுகேவின் முகம் வெளுத்தது. "என்ன வேணும் உனக்கு?"

"இந்த அடுப்படி மூலை. சாகற வரைக்கும்."

அவன் குமாஸ்தா. சட்டென்று கணக்குப் போட்டான்.

"சரி. ஆனா எல்லார் காதுலயும் விழுந்தாச்சு. நீதான் வித்தேன்னு மண்டி போட்டுச் சொல்லு. திருடியை உன் மாமியார் வீடு திரும்பக் கேக்காது. என் தலையெழுத்துன்னு நான் வச்சுக் காப்பாத்தறேன்."

ஷினோ திரும்பி வந்து பிணத்தின் முன்னால் மண்டியிட்டாள். உள்ளங்கைகளைப் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"நான்தான் வித்தேன். மன்னிச்சிடுங்க."

டென்ஸோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூங்கிலை உறையில் போட்டு, நுனி பாதத்தைப் பார்க்க, முறைப்படி கிஹெயின் நெஞ்சில் வைத்தார். "தங்கமான மனுஷனுக்கு வந்து பொறந்தது பாரு" என்று யாரோ ஒருத்தி பெருமூச்சு விட்டாள். ஹெய்சுகே எல்லாருக்கும் தலைவணங்கினான். எப்பேர்ப்பட்ட பொறுமை என்று அவனைப் புகழ்ந்தார்கள்.

காரியம் முடிந்ததும் ஷினோ அடுப்படி மூலையில் படுக்கையை விரித்தாள். மகளாக வந்தபோது அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. திருடியான பிறகுதான் கிடைத்தது.