சோமசேகரம் வழிமொழிந்த ஒழுங்கை

கிட்ட வாருங்கள், குஞ்சுகளே. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். தனக்குப் போர்த்த வந்த பொன்னாடையைக் கையால் மறித்த ஒருத்தியின் கதை இது. இடையில் சிரிப்பு வரும். கோபமும் வரும், வந்தால் வரட்டும்.

அவள் பெயர் இராசாத்தி. எங்கள் பிரதேச சபையில் இருபத்திரண்டு வருடமாகச் சுகாதாரத் தொழிலாளி. விடியற்காலை சந்தையடியைக் கூட்டுவாள். பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வீடு வீடாகக் குப்பை எடுப்பாள். பத்து மணிக்குச் சபை அலுவலகத்துக் கூடைகளைக் கொட்டுவதும் அவள்தான். கூடைகளை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

ஊரில் வேலிக்கும் வேலிக்கும் நடுவே ஓடுகிற எல்லா ஒழுங்கைக்குள்ளும் போய்வருகிற அந்த இயந்திரம், இராசாத்தி குடியிருந்த ஒழுங்கைக்குள் மட்டும் போகாது. சபையின் வீதிப் பதிவேட்டில் அந்த ஒழுங்கையே இல்லை. எந்தக் காலத்திலோ அளக்க வந்தவர், முகப்பில் இருந்த பெரிய வீட்டுக் கேற்றடியோடு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அதற்கு அப்பால் முப்பத்தொரு வீடு. அங்கே இருந்ததெல்லாம் ஊரின் வாய்க்காலும் மலசலகூடமும் துப்புரவாக்குகிற சனம். அதற்குள் கால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பதிவில் இல்லாத ஒழுங்கைக்கு விளக்குப் போடமாட்டார்கள், கல் பரவமாட்டார்கள், வாய்க்கால் வெட்டமாட்டார்கள். மாரி வந்தால் முழங்கால் வெள்ளம். போன மாரியில் இராசாத்தியின் மகள் கஜானிக்குப் பிள்ளைவலி வந்தது. அம்புலன்ஸ் கேற்றடியில் நின்றுவிட்டது. கஜானியைக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில், வெள்ளத்துக்கு மேலே, அந்தக் கதிரையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் தப்பியது தெய்வச்செயல். அடுத்த மாரிக்கும் தெய்வத்தையே நம்பியிருக்க முடியுமா? இராசாத்தி அன்றிலிருந்து கடிதம் எழுதத் தொடங்கினாள். ஏழு கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அப்படியிருக்கத்தான் உள்ளூராட்சி வாரம் வந்தது. சிறந்த தொழிலாளியைக் கௌரவிப்பது என்று சபை முடிவு செய்தது. தவிசாளர் பரமலிங்கம் அவளை அலுவலக வாசலில் கண்டு சொன்னார்:

"இராசாத்தி, வாற வியாழக்கிழமை உனக்குப் பொன்னாடை. மாசக் கூட்டத்திலையே வைச்சுப் போர்த்தப்போறம், பேப்பர்காரரும் வருவினம். நல்ல சீலையாக் கட்டிக்கொண்டு வா."

"எங்கடை ஒழுங்கை அலுவல் என்ன மாதிரி ஐயா? மாரிக்கு இன்னும் ஒரு மாசந்தான் கிடக்கு."

"உதெல்லாம் பிறகு கதைப்பம். இது சந்தோசமான காரியம். இதுக்கை ஒழுங்கையைக் கொண்டு வராதை."

அன்று அவருடைய அறைக் கூடையைக் கொட்டும்போது, கசங்கிய தாள் ஒன்று அவள் கையில் தட்டுப்பட்டது. விரித்துப் பார்த்தாள். அவளுடைய ஏழாவது கடிதம். நடுவில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம். அவள் அழவில்லை, குஞ்சுகளே. மடியில் வைத்துக் கையால் நீவி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. அளவெட்டியில் இருந்து நாதஸ்வரம் பிடித்திருந்தார்கள். இராசாத்தி சீலை கட்டிக்கொண்டு வரவில்லை. வேலைக்குப் போடுகிற செம்மஞ்சள் மேற்சட்டையோடு வந்து நின்றாள். தவிசாளரின் முகம் சுருங்கியது. ஆனால் கமராக்களைக் கண்டதும் சிரித்து, "வாங்கோ, வாங்கோ, நீங்கள் இதிலை இருங்கோ" என்றார். வாசலில் "நீ" ஆக இருந்தவள் கமராவுக்கு முன்னால் "நீங்கள்" ஆகிவிட்டாள்.

சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் அல்லாதவர் பின்பக்க வாங்கில் இருந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஆனால் கௌரவம் பெறுகிறவர் ஏற்புரை சொல்ல வேண்டும். அதைச் செயலாளர் தனுசியா ஒரு சொல் விடாமல் கூட்டறிக்கையில் எழுதுவாள்.

தவிசாளர் பொன்னாடையை உதறி விரித்தார். இராசாத்தி கையை நீட்டி மறித்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. முதல்லை கதைக்கிறன்."

விரித்த பொன்னாடையோடு அவர் அப்படியே நின்றார்.

"நான் நல்லாக் கூட்டுறன் எண்டு சொல்லுறியள். ஓம், நல்லாத்தான் கூட்டுறன். உங்களிலை ஒருத்தற்றை வாசலிலையும் வெள்ளம் நிக்கிறேல்லை. என்ரை பேத்தி வெள்ளத்துக்கு நடுவிலை, கதிரையிலை பிறந்தவள்." மடித்த தாளை எடுத்து விரித்தாள். "இது நான் சபைக்கு எழுதின ஏழாவது கடிதம். தவிசாளர் ஐயாவின்ரை கூடைக்கை கிடந்தது. குப்பை எடுக்கிறதுதானே என்ரை வேலை, எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

பின்பக்க வாங்கில் யாரோ சிரித்து, இருமலாக்கி விழுங்கினார்கள்.

"இந்தப் பொன்னாடையை நான் எங்கை கொண்டு போறது? நான் இருக்கிற இடம் உங்கடை பதிவேட்டிலை இல்லை. இல்லாத இடத்திலை இருக்கிறவளுக்கு என்னெண்டு மரியாதை செய்யிறியள்? எங்கடை ஒழுங்கை கடைசி வீடு வரைக்கும் பதிவேட்டிலை ஏற வேணும். அவ்வளவுதான்."

வாசற்பக்கம் தேநீரும் வடையும் வந்து காத்திருந்தன. வாசம் உள்ளே வந்தது.

இப்போது சோமசேகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். மூன்று முறை உறுப்பினராகியும் ஒரு பிரேரணைகூடக் கொண்டு வந்ததில்லை. யாராவது பேசி முடித்தால் உடனே வழிமொழிவார். வழிமொழிந்தால் கூட்டம் நகரும், கூட்டம் நகர்ந்தால் வடை வரும். அன்றைக்கும் பேச்சு நின்றது காதில் விழுந்ததும், பழக்கத்தில் பாதி எழும்பி, கையை உயர்த்திச் சொன்னார்:

"வழிமொழியிறன்."

சபை கொல்லென்று சிரித்தது. தவிசாளர் சிரிக்கவில்லை.

"சோமசேகரம் அண்ணை, உது பிரேரணை இல்லை, ஏற்புரை. அவ உறுப்பினரும் இல்லை. ஆரும் முன்மொழியாததை நீங்கள் என்னெண்டு வழிமொழியிறது?"

"நான் முன்மொழியிறன்" என்று ஒரு குரல் கேட்டது.

எழுந்து நின்றவர் பியாட்றிஸ் ரீச்சர். மிசன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்துவிட்டு, முதன்முறையாகச் சபை உறுப்பினர் ஆனவர்.

"ரீச்சர், பிரேரணைக்கு முன்னறிவித்தல் தர வேணும். அது சட்டம்."

"போன மாசம் உங்கடை அறைக்கு ஏசி பூட்டுற பிரேரணைக்கு என்ன முன்னறிவித்தல் தந்தனீங்கள்? சபை சம்மதிச்சால் போதும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பிள்ளை தனுசியா, அந்தக் கூட்டறிக்கையை எடும்."

தனுசியா பக்கத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டாள். தவிசாளர் குனிந்து, சோமசேகரத்தின் காதோடு கதைப்பதுபோலக் கதைத்தார். ஆனால் ஒலிவாங்கி போட்டபடி இருந்தது.

"அண்ணை, வாய்தவறிச் சொன்னனான் எண்டு சொல்லி வாபஸ் வாங்குங்கோ. அலுவல் முடிஞ்சுது. வடை ஆறுது."

சோமசேகரம் வடைத் தட்டைப் பார்த்தார். செம்மஞ்சள் சட்டையோடு நின்றவளைப் பார்த்தார். கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். பிறகு முழுதாக எழுந்து நின்றார்.

"தம்பி பரமலிங்கம், நான் மேசை வழிமொழிஞ்சிருக்கிறன், கதிரை வழிமொழிஞ்சிருக்கிறன், வரவேற்பு வளைவு வழிமொழிஞ்சிருக்கிறன். உம்மடை ஏசியையும் நான்தான் வழிமொழிஞ்சனான். ஒருநாளும் ஒருத்தரும் வாபஸ் வாங்கச் சொல்லேல்லை. இண்டைக்கு முதல்முறையாச் சொல்லுறீர். அப்ப நான் இண்டைக்குத்தான் ஏதோ உருப்படியா வழிமொழிஞ்சிருக்கிறன். வாங்க மாட்டன். வடை ஆறினால் ஆறட்டும்."

பிறகென்ன, வாக்கெடுப்புத்தான். பதினேழு உறுப்பினர். கமராக்களும் உயர்ந்தன. முதலில் ஐந்து கை. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து, இன்னும் நாலு. ஒன்பது. ஒழுங்கை கடைசி வீடு வரை பதிவேட்டில் ஏறியது.

"இப்பவாவது போர்த்தலாமோ?" என்றார் தவிசாளர். அவருடைய கைகள் நொந்திருக்கும்.

"இங்கை வேண்டாம் ஐயா. மெசின் எங்கடை ஒழுங்கைக்கை வாற அண்டைக்குக் கொண்டு வாங்கோ." கடிதத்தை மேசையில் வைத்தாள். "இதைக் கோவையிலை கோத்து வையுங்கோ. இன்னொருக்கால் கூடைக்கை கிடந்தால் இன்னொருக்கால் எடுத்துக்கொண்டு வருவன்."

அடுத்த மாதம், முதல் மழை விழுவதற்கு நாலு நாள் முந்தி, கல் ஏற்றிய உழவு இயந்திரம் வந்தது. கூடவே தவிசாளர், பத்திரிகைக்காரர், பொன்னாடை. பெரிய வீட்டுக் கேற்றடியில் தவிசாளர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எங்கை ஆள்? வரச் சொல்லுங்கோ" என்றார்.

ஒழுங்கையின் அந்தக் கோடியில், கடைசி வீட்டு வாசலில், பேத்தியை இடுப்பில் வைத்தபடி இராசாத்தி நின்றாள். ஓர் அடியும் முன்னே வரவில்லை.

"இஞ்சாலை வாங்கோ ஐயா!" என்று கூப்பிட்டாள். "ஒழுங்கை அங்கை முடியேல்லை. இங்கைதான் முடியுது."

முப்பத்தொரு வீட்டுச் சனமும் வேலியோரம் வந்து நின்று பார்த்தது. தவிசாளர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளமும் கிடங்கும் பார்த்துக் கால் வைத்து, கடைசி வீடு வரை நடந்து வந்தார். அங்கே வைத்துத்தான் அவள் போர்த்தவிட்டாள். போர்த்த கையோடு பேத்தி அதன் குஞ்சத்தைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டது. அந்தப் படந்தான் பேப்பரில் வந்தது.

கதை முடிந்தது, குஞ்சுகளே. வீட்டுக்குப் போங்கள். உங்கள் வாசல் வரைக்கும் வழி இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள் கால் நனையாமல் போய்க் கையில் பிள்ளையோடு திரும்பி வரட்டும். உங்களைத் தேடி வருகிற நல்லது எதுவும் அடுத்த வீட்டுக் கேற்றடியில் நின்றுவிடாமல், உங்கள் அடுப்படி வரை வந்து சேரட்டும்.