தமாயோ குரிஹாராவின் நாற்பத்தொரு படங்கள்

1974 தீபாவளி விழாவுக்கு எங்கள் சங்கம் ஒரு ஜப்பானியப் பாடகியைச் சிறப்பு விருந்தினராகப் பிடித்தது. சிட்னியில் எங்கள் சங்கத்தில் இருந்தவை முப்பது குடும்பங்கள். உபதலைவர்கள் மட்டும் ஆறு பேர்.

தமாயோ குரிஹாரா நகரத்தில் ஒரு கிளப்பில் பாட வந்தவர். தொண்டை கட்டியபோது எங்கள் சங்கத்து டொக்டர் சிவபாலன் மருந்து கொடுத்தார். கையோடு விழாவுக்கும் அழைத்துவிட்டார். தமாயோவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மேடையில் வாசிக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் பட்டதாரி என்பதுதான் காரணம். நான் படித்தது இரசாயனம்.

ஹோட்டலில் போய்ப் பார்த்தேன். தமாயோ பதினாறு வயதில் துறைமுகத்து மதுக்கடையில் பாடத் தொடங்கியவர். ஓர் இசைத்தட்டு நன்றாக ஓடியது, படத்துக்கு அழைத்தார்கள். நாற்பத்தொரு படங்கள். பெரும்பாலும் கொலைகாரி வேடம். நாற்பது வயதானதும் யாரும் கூப்பிடவில்லை. மறுபடியும் மதுக்கடை மேடைகள்.

"எல்லா ஊரிலும் பாடகி என்றே சொல்கிறார்கள்," என்றார் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். "நீங்கள் என் படங்களைச் சொல்வீர்களா?"

சொல்வேன் என்றேன்.

சங்கத் தலைவர் வரதராஜா அங்கிள் கதிரையில் சாய்ந்தபடி என் தாளை வாசித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"பிள்ளை, நடிகை எண்டு போடாதேயும். குடும்பங்கள் வாற இடம்."

"அவ நடிகைதானே, அங்கிள்."

"எனக்குத் தெரியும். சனத்துக்கு ஏன்? மதுக்கடையையும் வெட்டும். இசைக் குடும்பத்தில் பிறந்தவர் எண்டு போடும்."

"அவவின்ர தகப்பன் மீன் வித்தவர்."

"அதை வாய் திறந்தும் சொல்லாதேயும்."

அவருடைய தலைக்கு மேல் சினிமா நடிகையின் படம் போட்ட கலண்டர் தொங்கியது.

விழா நார்த்மீட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வரவேற்புரை, தலைமையுரை, ஆறு வாழ்த்துரை. எல்லாம் தமிழில். தலைவர் தன் லண்டன் பயணத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். தமாயோ இரண்டு மணி நேரம் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நிமிஷம்," என்று தலைவர் மைக்கைத் தந்தார். பொன்னாடையை விரித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

தாளில் ஐந்து வரி மிஞ்சியிருந்தது. அதில் உண்மை தமாயோவின் பெயர் மட்டும். நான் அதுவரை மேடை ஏறியதில்லை. தாளை மடித்தேன். அவருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மீன்காரரின் மகள். மதுக்கடைப் பாடகி. நடிகை. நாற்பத்தொரு படங்கள்.

"காணும், பிள்ளை," என்றார் அங்கிள் பல்லைக் கடித்தபடி.

தமாயோ எழுந்து என் பக்கம் தலை குனிந்தார். பிறகு சபையைப் பார்த்து, மிக மெதுவாக, இன்னொரு முறை.

அவர் பாட வேண்டிய நேரம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பாடகி என்று நினைத்திருந்தவரை கொட்டாவி விட்டவர்கள், நடிகை என்றதும் கமராவோடு மேடைக்கு ஓடி வந்தார்கள். தலைவர்தான் முதல் ஆள். தலையைக்கூட வாரிக்கொண்டார்.

தமாயோ முகத்தை ஒருபுறம் சற்றே திருப்பி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். அதை மறைத்துக்கொண்டு நின்ற தலைவரை இரண்டு விரலால் ஓரமாகத் தள்ளினார்.