பழுத்த தண்ணீர்

பத்திரகாளி டிரம்மைச் சாய்த்தாள். ஆமத்தூரில் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் அதில் பாதி இருந்தது. அது சிமெண்டு வாசலில் பரவி, பாடை தூக்கிய இடத்தில் கிடந்த சாமந்தி இதழ்களை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. சங்கிலிமுத்துவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கொட்டுச் சத்தம் ஊர்க்கடைசியில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“பொணம் போன வீட்ல பழைய தண்ணி சொட்டு இருக்கக் கூடாது. குடம், அண்டா, பிரிட்ஜுல இருக்க பாட்டிலு, அம்புட்டையும் கவுத்துங்க. அப்புறம் வீட்டக் கழுவிவிடலாம்” என்றாள் பத்திரகாளி.

இறந்தவனுக்கு அக்காள் அவள். எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். நேற்று மத்தியானம் சாத்தூரிலிருந்து மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். அழுகை ஓயும் முன்னாலேயே பந்தல்காரனிடம் சண்டை போட்டு இரண்டு தகரம் கூடுதலாகப் போடவைத்தாள். காலையில் தம்பியைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போனவர்களுக்குக் குடம் தேடிக் கொடுத்ததும் அவள்தான். அவள் இல்லாவிட்டால் இந்தச் சாவு நடந்திருக்காது என்று சொன்னால் தப்பாகிவிடும். ஆனால் அப்படித்தான் இருந்தது.

பாண்டிச்செல்வி மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரம் சேலையில் சொட்டியது. புருஷனைப் பறிகொடுத்தவள் இன்று எழுந்து ஒரு வேலையும் செய்யக் கூடாது. எழுந்திரிக்க அவளுக்கும் தெம்பில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே, டி.வி. மேஜைக்குப் பக்கத்தில், அவருடைய மீன் தொட்டி இருந்தது.

இரண்டடித் தொட்டி. சிவகாசியில் ஒரு செல்போன் கடையைக் காலி செய்தபோது, ஒழுகுகிறது என்று வெளியே தூக்கி வைத்திருந்ததை சங்கிலிமுத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பசை வாங்கி மூலைகளை அவரே அடைத்தார். ஆனால் அதற்கும் முன்னாலேயே விஷயம் தொடங்கிவிட்டது. டெங்கு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அப்போது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, செல்போனில் யாரோ தொட்டிக்குள் மலையும் புல்வெளியும் வைப்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கிளம்புகிற நாளில் நர்சிடம் போய், “அந்த டியூப எனக்குத் தருவீகளாம்மா?” என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாரும் உயிரைக் கேட்பார்கள், இந்த மனுஷன் டியூபைக் கேட்கிறாரே என்று பாண்டிச்செல்விக்கு மானம் போயிற்று.

அந்த டியூப் இப்போதும் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. மறுமுனை ஒரு கலர் பாட்டிலில். பாட்டிலுக்குள் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து புளிக்க வைத்திருப்பார். அதில் வரும் காற்று டியூப் வழியாகக் குமிழ் குமிழாக இறங்கும். செடிக்கு அது சாப்பாடாம். வீட்டுச் சர்க்கரை டப்பா ஏன் இப்படிக் குறைகிறது என்று அவள் ஒரு மாதம் எறும்பைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மற்றதெல்லாம் ஓசிதான். அடியில் போட்ட கரிசல் மண் கம்மாய்க்கரையிலிருந்து வந்தது. அதை ஊறவைத்து, அரித்து, மொட்டை மாடியில் காயப்போட்டார். மேலே போட்ட மணலும் கல்லும் இருக்கன்குடி ஆற்றில் எடுத்தவை. அன்று அவள் மகளுக்கு நல்ல காலேஜ் கிடைக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஆற்றுக்குள் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார்.

“ஊரு சனமெல்லாம் சாமி கும்பிடுது. இங்கன வந்து கல்லுப் பொறுக்குறீகளே, வெக்கமா இல்ல?”

“எல்லாக் கல்லும் ஆகாது புள்ள. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சா பொங்கக் கூடாது. பொங்குனா சுண்ணாம்புக் கல்லு, தண்ணியக் கெடுத்துரும். பொங்காத கல்லாப் பாக்கேன்.”

வேலிக்கருவை வேர் ஒன்றை நெல் அவிக்கிற அண்டாவில் மூன்று நாள் வேகவைத்தார். வேர் பாறை மேல் சாய்ந்த மரம் ஆயிற்று. அதில் பாசியைத் தையல் நூலால் கட்டினார். கம்மாயில் பிடுங்கிய பொடிக் கோரையைப் புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டார். ஆள் சிவகாசியில் அச்சாபீஸ் கட்டிங் மிஷினில் முப்பது வருஷமாகக் காலண்டர் அட்டை வெட்டுகிறவர். அருவியும் ஏரியும் பனிமலையும் லட்சக்கணக்கில் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. நேரில் குற்றாலத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. போன வருஷம் தண்ணீர் இல்லாமல் திரும்பி வந்தார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு ஆறு வாரம் அவர் மீன் விடவில்லை. வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். சங்கிலிமுத்து பாசி வளர்க்கிறான் என்று தெருவே சிரித்தது.

“தண்ணி இன்னும் பழுக்கல. புதுத் தண்ணியில விட்டா மீனு செத்துரும். கண்ணுக்குத் தெரியாத உசுரு மண்ணுல வந்து தங்கணும். மீனு கழியிறத அதுதான் திங்கும். மாங்கா பழுக்குற மாதிரி, தண்ணியும் பழுக்கணும்” என்றார்.

ஊரே குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தோடு அலையும்போது, தண்ணீரைப் பழுக்க வைத்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

“அத்தை, வேண்டாம்! அத ஊத்தாதீக!”

மகள் ஹர்ஷினியின் சத்தம் கேட்டு பாண்டிச்செல்வி நிமிர்ந்தாள். விருதுநகரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்திரகாளி தொட்டி மூடியை எடுத்துக் கீழே வைத்திருந்தாள். கையில் செம்பு. பக்கத்து வாளியில் ஏற்கெனவே முக்கால்வாசி ஊற்றியாயிற்று. தொட்டித் தண்ணீர் பாதிக்கு இறங்கி, வேரின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செம்பு பட்டு முன்பக்கத்துக் கோரை ஒரு கொத்து பெயர்ந்து மிதந்தது. மீன்கள் எல்லாம் பின் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன.

“நான் என்ன மீனையா கொல்லப்போறேன்? கிறுக்கச்சி! மீன எடுத்துக் குடத்துல விட்டுட்டு, கல்லு மண்ணெல்லாம் சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவி, பக்கத்து வீட்ல நல்ல தண்ணி வாங்கி ஊத்துவோம். பளிச்சுனு இருக்கும். எந்தம்பி ஆசையா வச்சிருந்தது. அழுக்குத் தண்ணியோட விடச் சொல்லுதியா?” என்றாள் பத்திரகாளி.

ஹர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். நீ சொல்லேன் என்பது மாதிரி.

சொல்லலாம்தான். ஆனால் அந்தத் தொட்டிமேல் பாண்டிச்செல்விக்கு ஒரு வருத்தம் இருந்தது. மீன் விட்ட முதல் நாள், அவளும் ஆசையாக ஒரு விரலை உள்ளே விடப்போனாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “கைய விடாத புள்ள. கையில மருந்து இருக்கு.”

மருந்து இருக்கத்தான் செய்தது. அவள் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிறவள். சாயங்காலம் கம்பெனி வேனில் இறங்கும்போது முழங்கை வரை அலுமினியப் பொடி மினுங்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும்.

“இந்தக் கையாலதான் ஒங்களுக்குச் சோறு போடுறேன். அப்பத் தெரியலையா மருந்து?”

“எனக்குப் பழகிட்டு. மீனுக்குப் பழகலையே” என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் அந்தத் தொட்டியைத் தொடவில்லை. டி.வி. பார்க்கிற மாதிரி உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்ப்பாள். குட்டி போட்டிருக்கு பார் என்று அவர் கூப்பிட்டால், பார்த்தாச்சு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவாள். அவள் ரோஷத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது அவளுக்கு இன்னொரு ரோஷம்.

நேற்று காலை பதினோரு மணிக்குக் கம்பெனிக்குப் போன் வந்தது. மிஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கை கழுவ யாருக்குத் தோன்றும்? அப்படியே ஓடினாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டிருந்தது. அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, என்னங்க, என்னங்க என்று உலுக்கினாள். காலையில் குளிப்பாட்டும்போது யாரோ, “இதென்ன, கன்னத்துல வெள்ளி மாதிரி ஒட்டியிருக்கு?” என்றார்கள். இரண்டு செம்புத் தண்ணீரில் அது போய்விட்டது.

பத்திரகாளி மறுபடி செம்பை உள்ளே விட்டாள்.

“மதினி.”

பாண்டிச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “உக்காரு தாயி, நீ எந்திரிக்கக் கூடாது” என்று ஒரு கிழவி சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் விடுவித்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“போதும் மதினி. மிச்சத்த விட்ருங்க.”

“சாவுத் தீட்டுல பாதித் தீட்டு, முழுத் தீட்டுன்னு இருக்கா செல்வி? வீட்ல இருக்க தண்ணி மொத்தமும் போகணும். நானாச் சொல்லுதேன்? பெரியவுக வச்ச முறை.”

“முறைதான் மதினி. வீட்டுத் தண்ணியக் கொட்டுங்க. சாவு விழுந்துட்டுன்னு கெணத்த எறச்சிருக்கோமா? கம்மாய ஒடச்சிருக்கோமா?”

“கம்மாயும் இதுவும் ஒண்ணா?”

“மண்ணு கம்மா மண்ணு. கோரை கம்மாக் கோரை. வேர் பிடிச்சு, மீனு குட்டி போட்டுக் கெடக்கு. இத எப்பிடிக் குடத்துத் தண்ணியோட சேப்பீக? ஒங்க தம்பி எனக்கு வீடு கட்டித்தரல, நகை நட்டு வாங்கித்தரல. ஒரு கம்மாய வெட்டி வச்சிட்டுப் போயிருக்காக. அதையும் எறச்சிட்டா நான் எதப் பாத்துட்டு உக்காந்திருப்பேன் மதினி?”

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. நேற்றிலிருந்து ஊர் கூடி அழுதபோதெல்லாம் வராத அழுகை அப்போது வந்தது. பத்திரகாளி செம்பைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தொட்டிப் பக்கத்திலேயே நின்று அழுதார்கள்.

பிறகு பத்திரகாளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். “பாதிய எடுத்துட்டேனே. இப்ப எத ஊத்த? குழாய்த் தண்ணி ஆகாதுங்கா ஒம்மக.”

“பிளீச்சிங் பவுடர் வாடை போகணும் அத்தை. ரெண்டு நாளாவது திறந்து வச்சிருக்கணும். அப்பா ஞாயித்துக்கெழம மாத்துறதுக்கு முன்னாடியே பிடிச்சு வச்சிருவாரு” என்றாள் ஹர்ஷினி.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேருக்கும் அது அப்போதுதான் உறைத்தது.

பாண்டிச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பினாள். பக்கத்து வீட்டு மாடத்தியக்காவின் வேப்பமரத்தடியில், வலைத்துணி மூடி இரண்டு நீல வாளி இருந்தன. இந்த வீட்டு மாடியில் வெயில் கொதிக்கும் என்று அவர் எப்போதும் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்தது.

பத்திரகாளியும் பார்த்தாள்.

“அது யார் வீட்டுக் குழாய்ல பிடிச்சது?”

“எங்க வீட்டுக் குழாய்தான், மதினி. எங்க வீட்டுத் தண்ணிதான் அது” என்றாள் வாசலில் நின்ற மாடத்தியக்கா. கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது. அது உண்மைதானா என்று யாரும் விசாரிக்கவில்லை.

“அப்ப எடுத்துட்டு வா” என்றாள் பத்திரகாளி.

ஹர்ஷினி ஒரு தட்டை மணல் மேல் வைத்து, அப்பா ஊற்றுவது போலவே செம்பு செம்பாக அதன்மேல் ஊற்றினாள். மண் கலங்கவில்லை. தண்ணீர் ஏறி வேரின் நுனியை மூடியது. பிடுங்கிய கோரைக் கொத்து மட்டும் மேலே வந்து கண்ணாடியோரம் சுற்றிக்கொண்டிருந்தது.

“அத நடணும்மா. இடுக்கியை எங்க வச்சாருன்னு தெரியல.”

“கையால நடு.”

“நான் ஊத்திட்டேன்ல, நீ நடும்மா.”

பாண்டிச்செல்வி தன் கைகளை விரித்துப் பார்த்தாள். நேற்றிலிருந்து எத்தனை முறை கழுவியாயிற்று. காலையில் தலைக்கு ஊற்றியபோது பெண்கள் விரல் விரலாகத் தேய்த்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் அவள் ஜன்னல் வெளிச்சத்தில் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலது பெருவிரல் நகத்தடியில் ஒரு மினுக்கம் இருந்த மாதிரி இருந்தது. ஹர்ஷினி தலையிலிருந்து ஊசியை உருவி, அம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, பத்து நகத்தையும் சுரண்டி எடுத்தாள். அவசரப்படவில்லை. பத்திரகாளி நீல வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து அந்தக் கைகளில் ஊற்றினாள்.

பாண்டிச்செல்வி கையை உள்ளே விட்டாள். தண்ணீர் அவள் நினைத்த மாதிரி குளிர்ச்சியாக இல்லை. கோரைக் கொத்தை இரண்டு விரலால் பிடித்து, மணலைத் தள்ளி, அடியில் கரிசல் தட்டுப்படுகிற வரை அழுத்தினாள். வேர் நின்றது. கையை எடுக்கப்போகும்போது ஒரு குட்டி மீன் மூலையிலிருந்து வந்து அவள் பெருவிரல் நகத்தை முட்டியது. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன.

தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்டது. சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பிவிட்டார்கள். யாரோ வாசலில் நின்று கால் கழுவத் தண்ணீர் கேட்டார்கள். வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. மாடத்தியக்கா தன் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“செல்வி, வந்து உக்காரு. ஆம்பளைக வந்துட்டாக” என்றாள் பத்திரகாளி.

“இந்தா வாரேன் மதினி” என்றாள் பாண்டிச்செல்வி. கையை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.