ஊசி உடையாத மாதம்

கார்மென்ட் கம்பெனியில் அவள் கைக்குழந்தைக் கவுனுக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி டக்கென்று உடைந்தது. மேல்துண்டு மிஷினிலேயே நின்றது. முனையைக் காணோம்.

ஊசி உடைந்தால் கை தூக்க வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடிக் காட்டினால்தான் புது ஊசி. நல்ல சட்டம்தான். ஆனால் எந்தப் புண்ணியவான் யோசனையோ, சுவரில் ஒரு பலகை தொங்கியது. ஊசியே உடையாமல் மாதம் முடிந்தால் வரிசை முழுவதற்கும் அரைநாள் லீவு. உடைத்தவளுக்குச் சாயங்காலம் வரை தலையில் சிவப்புத் தொப்பி. மாதம் நாளையோடு முடிகிறது.

அவள் கை தூக்கவில்லை. பவுடர் டப்பாவில் ஒளித்து வைத்திருந்த ஊசியை எடுத்து மாட்டினாள். மடியை உதறி, தரையைத் துழாவிக்கொண்டிருந்தபோதே தைத்ததைக் கட்டுக் கட்டி பேக்கிங்குக்குக் கொண்டுபோகும் கட்டுக்காரர் வந்து கவுன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஒளிப்பது அவளுக்குக் கைவந்த கலை. சின்ன வயதில் டம்ளர் உடைந்தால் அப்பா ஏன் எப்படி என்று கேட்கமாட்டார், கைதான் பேசும். உடைந்ததையெல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளப் பழகினாள். “எம் பொண்ணு சமத்து, எதையும் உடைக்கமாட்டா” என்று அதே அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அந்தப் பெருமை அவளுக்கு அடியைவிடப் பெரிய காவலாக இருந்தது.

பக்கத்து மிஷின் கண்ணாடி அக்கா திரும்பினாள். “என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“தலைவலிக்கா.”

“நாளைக்கு அரைநாள் தூங்கு, சரியாயிடும். நான் மாமியார்கிட்ட லீவுன்னே சொல்லப் போறதில்ல.”

அவளால் சிரிக்க முடியவில்லை. தங்கையின் குழந்தைக்கும் இதே அளவுக் கவுன்தான். எதைப் போட்டாலும் கழுத்துப்பட்டியை இழுத்து வாயில் வைத்துச் சப்பும். பேக்கிங் பக்கம் பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

எழுந்து சூப்பர்வைசரிடம் போனாள். “அண்ணே, ஊசி உடைஞ்சிடுச்சு. காலையிலேயே. முனை கிடைக்கல, கவுனோட போயிருக்கும்.”

சூப்பர்வைசர் கையை ஓங்கினார். சட்டென்று அவள் முழங்கை எழும்பிக் கன்னத்தை மறைத்துக்கொண்டது. மோட்டாரை நிறுத்தச் சொல்லித்தான் அவர் கை உயர்ந்தது என்பது மிஷின்கள் ஓய்ந்த பிறகே அவளுக்குப் புரிந்தது. இத்தனை பேர் முன்னால், இந்த வயதில். அவமானத்தில் உடம்பு கூசியது.

எல்லார் கண்களும் பலகைக்குப் போய் அவளிடம் திரும்பின. போச்சு, கரித்துக் கொட்டப் போகிறார்கள் என்று தலைகுனிந்தாள்.

கண்ணாடி அக்கா மெதுவாக எழுந்தாள். “போன வாரம் எனக்கும் உடைஞ்சுதுண்ணே.”

“முனை?”

“தேடினேன். கிடைக்கல.”

பின்வரிசையில் ஒரு ஸ்டூல் நகர்ந்தது. அப்புறம் இன்னொன்று.

சூப்பர்வைசர் அவர்களைப் பார்க்கவில்லை. போன வாரப் பெட்டிகள் லாரி ஏறும்வரை அடுக்கியிருந்த வாசலோர இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பெருக்கிச் சுத்தமாக இருந்தது.